அரை இஞ்சு வாஷர்

நானூற்றுப் பதினொன்று வரை எண்ணினேன்.
பிறகு எழுந்துபோய்
வாளிக்குள் ஒரு துணியைப் போட்டேன்.
சொட்டு விழுந்தது, சத்தம் விழவில்லை.
கொஞ்ச நேரம்தான். துணி நிறைந்ததும்
மறுபடி ஒன்று, இரண்டு.

என் மாப்பிள்ளைக்கு ஷார்ஜாவில்
குழாய் பார்க்கிற வேலை.
பதினெட்டு மாடி, மாடிக்கு ஆறு வீடு.
எந்த வீட்டில் எது ஒழுகினாலும்
பத்து நிமிடத்தில் போய் நிற்பார்.
"நீ தொட்டுடாத புள்ள, நோன்புக்கு வந்து பாத்துக்கிறேன்."
நோன்பு வந்தது. பெருநாள் வந்தது.
கீழக்கரைக்கு எல்லாரும் வந்தார்கள்.
அங்கே ஏழாவது மாடியில் பைப் வெடித்ததால்
அவர் வரவில்லை.
பிளம்பர் கருமலையான் நாலு வாரமாக
உச்சிப்புளியில் பஸ் ஏறிக்கொண்டே இருக்கிறார்.

பஜாருக்குப் போனேன்.
ஹார்டுவேர் கடைக்காரர்
எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.
சிவப்புப் பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார்:
நாற்பத்தாறு உருப்படி, ஆயிரத்து இருநூறு.
"இது எதுக்கு?" என்றேன்.
"அதுவா..." என்றார்.
"இது?"
பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டார்.
மூடி வைக்கச் சொன்னேன்.

ஸ்குரூ ஸ்பேனர் ஒன்று, பத்து அங்குலம்.
மகளை இடுப்பில் சுமக்கிற கைக்கு அது கனமே இல்லை.
தலையை மாற்றிப் போடுகிற திருப்புளி.
குறடு. அரைக் கிலோ சுத்தியல்.
வெள்ளை டேப் இரண்டு சுருள்.
அரை இஞ்சு வாஷர் நாலு,
நாலும் சேர்த்து ஒரு டீ விலை.
டெஸ்டரைக் கடையின் பிளக்கிலேயே செருகிப் பார்த்தேன்.
கட்டைவிரலுக்கடியில் சின்னதாய் ஆரஞ்சு வெளிச்சம்.
கரண்டு என் வழியாகப் போய்
என்னை ஒன்றும் செய்யாமல் விட்டது
அதுதான் முதல் தடவை.
இன்னொரு முறை செருகினேன்.
"ஆணி?" என்றார். "இரும்பு வேணாம். இந்த ஊருக்கு
ஸ்டீல்தான். மத்ததெல்லாம் காத்துக்குப் போட்ட தீனி."

எனக்குத் தெரியாதா.
கடல் என் வீட்டுக்கு அலையாக வந்ததில்லை,
கீல் வழியாக வருகிறது.
தாழ்ப்பாளைத் தின்றது, பீரோவின் காலைத் தின்றது,
ஃபிரிட்ஜுக்கு அடியில் இப்போது தின்றுகொண்டிருக்கிறது.
ஆகவே ஜெட்டிக்குப் போய்
போட்டு இன்ஜின் பார்க்கிற மரியசெல்வத்திடம்
ஒரு டீ கப்பில் கிரீஸ் வாங்கினேன்.
"எந்தப் போட்டுக்கு?" என்று கேட்டான்.
"வீட்டுக்கு."
இன்னும் ஒரு விரல் அள்ளிப் போட்டான்.

பேரீச்சம்பழம் வந்த தகர டின்தான் பெட்டி.
ஒவ்வொன்றுக்கும் கிரீஸ் தடவி
அவருடைய பழைய பனியனில் சுற்றி வைத்தேன்.
மகளின் சாக்பீஸ் இரண்டு உள்ளே; ஈரம் குடிக்குமாம்.

மொட்டைமாடி கேட்வால்வு அசையவில்லை.
உப்புத்தண்ணி பூத்துப் பூத்து
வெள்ளையாய் இறுகிக் கிடந்தது.
தேங்காயெண்ணெய் விட்டு
அஸரிலிருந்து மஃரிப் வரை காத்திருந்தேன்.
மெல்லத் தட்டினேன், பிறகு மெல்ல இல்லாமல் தட்டினேன்.
பிஸ்மி சொல்லித் திருகினேன்.
தப்பான பக்கம். மறுபடி பிஸ்மி.
கழன்று வந்த பழைய வாஷர்
நாவற்பழத் தோல் மாதிரி நசுங்கியிருந்தது.
இவ்வளவு சின்னதா
இத்தனை ராத்திரியைத் தின்றது?

வெள்ளிக்கிழமை அழைத்தார்.
"குழாய் எப்படியிருக்கு?"
"நின்னுருச்சு."
அந்தப் பக்கம் ஒரு லிஃப்ட் திறந்து மூடிய சத்தம்.
"யார் வந்து பார்த்தா?"
"நான்தான்."
"ரப்பரா, சிலிக்கானா?"
"ரப்பர்."
"ரப்பர் ஆறு மாசம்தான் தாங்கும், பாத்துக்க."
குரலில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது.
"ஆறு மாசத்துல நான் வந்துருவேன்."

"வாங்க" என்றேன்.
டின்னில் இன்னும் மூன்று வாஷர் இருக்கிறது என்பதை
அவரிடம் சொல்லவில்லை.